குடிப்பவருக்குத் தெரியாமல் மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவர் கொத்தனார், 42 வயது. பல வருடங்களாகத் தினமும் குடிக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் சண்டைக்கு வருகிறார். மணமும் ருசியும் இல்லாத ஒரு மாத்திரையைக் குழம்பில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கொடுக்கலாமா டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள், அம்மா. இப்படி விற்கப்படும் பொடியிலும் மாத்திரையிலும் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மருந்தாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

குடித்த மதுவைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது; பிறகு ஒரு நொதி அந்த நச்சை முறிக்கிறது. டைசல்ஃபிராம் அந்த நொதியை முடக்கிவிடும். அதன்மேல் குடித்தால் நச்சு தேங்கி முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். இதயக் கோளாறு உள்ளவர்கள் இறந்தும் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து இருக்கிறது.

நாங்களும் இதே மருந்தைத் தருகிறோம். பரிசோதனை செய்து, நோயாளியின் சம்மதத்தோடு தருகிறோம். குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருப்பதுதான் அவர் கையைத் தடுக்கிறது. தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல் டாஸ்மாக்குக்குப் போவார். அங்கே மயங்கி விழுந்தால், காரணம் இன்னதென்று டாக்டரிடம் சொல்லக்கூட ஆள் இருக்காது. பிழைத்து வந்து விஷயம் தெரிந்தால், உங்கள் கையால் ஒரு வாய் சோறு வாங்கிச் சாப்பிடமாட்டார்.

தினமும் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம். இல்லாத பூச்சி ஊர்வதாகச் சொல்லலாம். மாலை போடுவதற்காகச் சட்டென்று நிறுத்தியவர்களைக்கூட இந்த நிலையில் பார்த்திருக்கிறோம். இதைப் பேய் பிடித்ததாக நினைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

அவரை எப்படி வரவைப்பது? போதையில் இருக்கும்போது பேச்சே வேண்டாம். காலையில் தெளிவாக இருக்கும்போது, தூக்கம் வராததையும் வயிற்று எரிச்சலையும் சொல்லிக் கூப்பிடுங்கள். குடியை விடச் சொன்னால் வராதவர்கள், உடம்பைக் காட்ட வருவார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பி1 வைட்டமின் ஊசியும் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த உதவுவார்கள். குடிக்கும் தவிப்பைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும் உண்டு. விட்டவர் மறுபடி குடித்தாலும் கைவிடாமல் திரும்ப அழைத்துச் செல்லுங்கள்.

2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். ஆகவே அவர் மறுப்பதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய குடிக் கடனை நீங்கள் அடைக்காதீர்கள். மேஸ்திரியிடம் அவருக்காகப் பொய் சொல்லாதீர்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, உங்கள் மனச்சுமையைச் சொல்ல 14416; அடித்தால் 181. அவர் வர மறுத்தாலும், முதலில் நீங்கள் பேசுங்கள்.