தேகப் பயிற்சியும் உள்ள நலமும்: பௌத்த நூல்கள் காட்டும் நெறி

உடலும் உள்ளமும் ஓரில்லத்தில் வாழும் இருவரை ஒப்பன. ஒருவர் நோயுற்றால் மற்றவருக்கும் உறக்கம் கெடும். இதனை அறியாதார் யாருமிலர். ஆயினும், தேகப் பயிற்சிக்கென்று புறப்படுங்கால் உள்ளத்தை வீட்டிலே விட்டு, உடலை மட்டும் மைதானத்திற்கு அழைத்துச் செல்வதே நம்மிற் பெரும்பாலார் வழக்கமாயிருக்கின்றது. இவ்விரண்டனையும் ஒருங்கே நடத்திச் செல்லும் வழியைப் பௌத்த நூல்கள் எவ்வாறு கூறுகின்றன என்பதை ஈண்டுச் சுருக்கமாக ஆராயப் புகுகின்றோம்.

எம்மூராகிய பாகலூர், ஓசூரினின்று மாலூர் செல்லும் சாலையில், கன்னட நாட்டெல்லையை அடுத்துள்ளது. முன்னாளிற் பாளையக்காரர் இருந்த ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊர். இன்று ரோஜாப் பயிரிடும் பசுமைக் குடில்களும், தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளும் அதற்குப் புதிய அடையாளங்களாயின. வைகறையில் இச்சாலையில் இருவகையினரைக் காணலாம். இரவு வேலை முடித்துக் கண் சிவந்து திரும்புவோர் ஒரு சாரார். காவலர் தேர்வை நாடி ஓடிப் பழகும் இளைஞர் மற்றொரு சாரார். அத்தேர்வில் ஆடவர் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்திற்குள் ஓடி முடித்தல் வேண்டும். எமக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் இதன்பொருட்டுப் பல திங்கள் ஓடினார். கால் வீங்கிய நாளிலும் நிறுத்தினாரல்லர். தேர்வு நாளிற் சில வினாடிகள் பிந்திவிட்டார். அன்றே ஓட்டத்தை விட்டார், நண்பரையும் விட்டார், கதவையடைத்து அறைக்குள்ளே கிடந்தார். உடல் உரமாகவே இருந்தது; ஒடிந்தது உள்ளமே. இஃது ஏன் நேர்ந்தது என்னும் வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

இவ்வினாவிற்கு விடை போன்றதொரு வரலாறு விநய பிடகத்தில் உளது. சோணன் என்பான் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை. மிக மெல்லிய பாதங்களையுடையவன். அவன் துறவு பூண்டு, இராசகிருகத்தையடுத்த சீதவனத்தில் ஓயாது உலாவித் தியானம் பயின்றான். பாதங்கள் வெடித்து, உலாவிய நெறியெங்கும் குருதி படிந்தது. இத்துணை முயன்றும் பயன் கிட்டாமை கண்டு, "இல்லத்திற்கே திரும்பி விடலாமே" என்று எண்ணினான். புத்தர் அவன்பாற் சென்று, இல்லறத்தில் அவன் வீணை வாசித்ததை நினைப்பூட்டி, நரம்பை மிக முறுக்கினால் இசை பிறக்குமோ, மிகத் தளர்த்தினால் பிறக்குமோ என வினவினார். இரண்டினும் பிறவாது என்றான் சோணன். முயற்சியும் அத்தகையதே, மிகின் மனம் கலங்கும், குறையின் மடி சேரும் என்று அவர் தெளிவித்தார். அன்றியும், பிக்குகள் பாதுகை அணியலாமென்றும் இசைவு தந்தார். உள்ளத்திற்கு அறிவுரை கூறியவர், காலின் புண்ணையும் மறந்திலர் என்பது கருதத்தக்கது.

சோணன் செய்தது உலாவுதல் என்றோம். பாலி மொழியில் இதற்குச் 'சங்கமம்' என்று பெயர். கூடுதல் என்று பொருள்படும் வடசொல்லோடு இதனை மயங்கற்க. ஓரளவான நெறியில் முன்னும் பின்னுமாக நடத்தலே இதன் பொருள். வைசாலி நகரத்தில் அன்பர்கள் தொடர்ந்து இட்ட சுவையுணவால் பிக்குகள் நோயுற்றபோது, அங்கு வந்த மருத்துவர் சீவகர் அதனைக் கண்டு, உலாவு நெறியும் வெந்நீராவி அறையும் அமைக்க விடை தருமாறு புத்தரை வேண்டினார். அவரும் இசைந்தார். பின்பு, தரை மேடுபள்ளமாயிருந்து கால் நொந்தமையின் அதனைச் சமன்செய்யவும், நீர் தேங்கியமையின் உயர்த்தவும், தவறி வீழ்ந்தமையின் கைப்பிடி வேலி கட்டவும், வெயிலும் குளிரும் வருத்தியமையின் கூரையிடவும் விதிகள் ஒவ்வொன்றாகப் பிறந்தன. பிணி தீர்க்க எழுந்த வழக்கமே தியானத்திற்கும் களமாயிற்று.

உலாவுதலின் பயன்கள் ஐந்தென அங்குத்தர நிகாயம் எண்ணும். நெடுவழி நடக்கும் வலிமை, முயற்சிக்குரிய ஆற்றல், நோயின்மை, உண்டது செரித்தல், உலாவுங்கால் எய்திய மன ஒருமை நெடிது நிலைத்தல் என்பன அவை. முன்னைய நான்கும் உடலையும் ஊக்கத்தையும் பற்றியவை. ஐந்தாவது உள்ளத்தைப் பற்றியது. கி.பி. 671-ல் சீனத்தினின்று கடல்வழி புறப்பட்டு நாளந்தையிற் பயின்ற இட்சிங் என்னும் துறவியும், இந்நாட்டுத் துறவிகளும் இல்லறத்தாரும் முற்பகலிலும் பிற்பகலிலும் ஆரவாரமற்ற இடத்தில் உலாவி நலம் பெற்றதைத் தம் நூலில் எழுதிவைத்துள்ளார்.

இனி, ஒன்று கூறுதல் வேண்டும். காஞ்சியரசர் மகனாகிய போதிதருமர் சீனத்து ஷாவோலின் மடத்தில் மற்போர் கற்பித்தார் என்னும் கதை, 2011-ல் வெளிவந்த திரைப்படத்தால் நம் மாணவரிடை நன்கு பரவியுளது. அவரைப்பற்றிய பழைய சீனக் குறிப்புக்களுள் ஒன்று அவரைப் பாரசீகத்தவர் என்றும், மற்றொன்று தென்னிந்தியர் என்றும் கூறும். அவர் பெயரால் வழங்கும் தசைப் பயிற்சி நூலோ 17-ஆம் நூற்றாண்டிற் றோன்றியதென்பது ஆராய்ச்சியாளர் துணிபு. கதை இனிதாயினும், பௌத்தரின் தேகப் பயிற்சிக்கு அது வேர் அன்று. வேர், மேலே கூறிய எளிய நடையே.

நடக்கும்போது உள்ளத்தைச் சேர்ப்பது எங்ஙனம்? நடப்பவன் நடக்கின்றேன் என்றும், நிற்பவன் நிற்கின்றேன் என்றும் உணர்ந்திருத்தலே வழியென்று சதிபட்டான சூத்திரம் கூறும். இருபது முப்பது அடி நீளமுள்ள சமதரை போதும். கைப்பேசியை வைத்துவிட்டு, கால் எழுவதையும், முன் செல்வதையும், மண்ணிற் படிவதையும் அறிந்து நடக்க. முடிவில் நின்று, மூச்சொன்றை உணர்ந்து, திரும்புக. மனம் நேற்றைய மதிப்பெண்ணுக்கோ நாளைய தேர்வுக்கோ ஓடினால், அதனைக் கடியாது மீட்டுப் பாதத்தில் வைக்க. நூறுமுறை ஓடினும் நூறுமுறை மீட்டலே பயிற்சி. ஓடுவார்க்கும் விளையாடுவார்க்கும் இது பொருந்தும்.

"நாளெல்லாம் பொறியின்முன் நின்று உழைக்கின்றோம், இதற்குமேற் பயிற்சி எதற்கு?" என்று தொழிலாளர் கேட்பர். நியாயமான கேள்வியே. இதற்கு விடை காண மாலூர்ச் சாலையைக் கடந்து கோலார் தங்கவயல்வரை செல்வோம். அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் சென்னையிற் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவினார்; அவர் சித்த மருத்துவருமாவர். அச்சங்கத்தின் கிளை தங்கவயலின் மாரிகுப்பத்திலும் தழைத்தது. 2001-ல் மூடப்பட்ட அச்சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் மிக்க ஆழமுடையன. அவற்றில் உழைத்த தமிழ் மக்களுட் பலர் அறங்கேட்கவும் நூல் படிக்கவும் கூடினர். அவர் உடலுக்கு உழைப்புக் குறைவன்று. தமக்கென ஒரு பொழுதே குறை. உழைப்பில் உடல் பிறர் குறித்த வேகத்தில் இயங்குகின்றது. பயிற்சியில் அது தன் உள்ளத்தோடு இயங்குகின்றது. ஆகலின், உழைத்தார்க்கு வேண்டுவது மற்றுமோர் ஓட்டமன்று. ஓய்வும், அமைதியான சிறு நடையுமே.

இக்கால மருத்துவமும் இதற்கு மாறன்று. வளர்ந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி செய்க என உலக நலவாழ்வு நிறுவனம் 2020-ல் வகுத்தது. உடலியக்கத்தால் மனச்சோர்வின் குறிகள் தணிதலைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979-ல் ஜான் கபட்-சின் தொடங்கிய மனவழுத்தம் தணிக்கும் பயிற்சி, பௌத்தத் தியான மரபினின்று பெற்றதே; அதில் உணர்ந்து நடத்தலும் ஓர் உறுப்பாகும். எனினும், நடையொன்றே எல்லா நோய்க்கும் மருந்தென்று யாம் கூறோம். உறக்கமின்மையும் துயரும் நீடிக்குமாயின் மருத்துவரை நாடுதலே அறிவு. புத்தருக்கும் சீவகர் என்னும் மருத்துவர் இருந்தாரன்றோ?

முன்னர்க் கூறிய மாணவரிடம் யாம் வீணையின் கதையைச் சொன்னோம். அவர் மறுமொழி கூறவில்லை. சின்னாட் சென்றபின், வைகறையில் அதே சாலையில் அவரைக் கண்டோம். ஓடவில்லை, மெல்ல நடந்துகொண்டிருந்தார். கையிற் கடிகாரம் இல்லை. "மறுபடியும் தேர்வு எழுதுவீரோ?" என்றோம். "எழுதுவேன் ஐயா, ஆனால் இந்த நடை அதற்காக அன்று" என்றார்.

மாணவ அன்பர்களே! ஓடுங்கள், ஆடுங்கள், வெற்றியை நாடுங்கள், தடையில்லை. ஆயினும் நாளொன்றுக்குச் சிறிது பொழுதேனும் ஒரு பயனுங் கருதாது உள்ளத்தையும் உடன்கொண்டு நடப்பீராக. நரம்பு அளவோடு நின்றாலன்றோ வீணை இசைக்கும்!