டி.எஸ்.எச். ‘நார்மல்’ என்று வந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?



மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் தாய்மார்களின் ஃபைல்களில், சர்க்கரைக்கு அடுத்தபடியாக நாம் அதிகம் பார்ப்பது தைராய்டு ரிப்போர்ட்தான். சென்ற மாதம் வந்த ஒரு சகோதரி, “ரிப்போர்ட் நார்மல்னு வந்துடுச்சு பாய், அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்” என்றார். நிறுத்தி நான்கு மாதம். உடம்பு கனத்து, முடி கொட்டி, மாடிப்படி ஏறவே முடியாத சோர்வு. புது ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 46. இப்படி வந்தவர் இவர் ஒருவர் மட்டுமல்ல.

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அல்ல. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, கழுத்திலுள்ள தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. சுபுஹுக்குப் பிள்ளை ஒரே குரலில் எழுந்துவிட்டால் தாய் ஏன் சத்தம் போடப் போகிறாள்? எழாவிட்டால்தான் குரல் உயரும். அதுபோல, தைராய்டில் டி4 சுரப்பு குறையும்போது டி.எஸ்.எச். ஏறுகிறது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, “தைராய்டு ஏறிப்போச்சு” என்று மாத்திரையைத் தாமாகவே பாதியாக்கியவர்களும் உண்டு.

பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். சுமார் 0.4 முதல் 4 வரை இருக்கலாம். லேபுக்கு லேப் சற்று மாறும் என்பதால் ஒரே லேபில் பார்ப்பது நல்லது. மாத்திரை சாப்பிடும்போது ‘நார்மல்’ என்று வந்தால், சாப்பிடும் அளவு சரி என்றுதான் பொருள். சுரப்பி குணமாகிவிட்டது என்றல்ல. பிரசவத்துக்குப் பின் வந்த தைராய்டு குறைவு போன்ற சிலவற்றில் மருத்துவரே நிறுத்திப் பார்ப்பதுண்டு. அந்த முடிவு அவருடையது. டி.எஸ்.எச். மிகவும் இறங்கினால் மாத்திரை அதிகமாகியிருக்கலாம். படபடப்பு வரும், நாளடைவில் எலும்பும் தேயும்.

மாத்திரையின் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே மறுபரிசோதனை. பத்து நாளில் எடுப்பது காசுக்குக் கேடு. இரண்டு மாதம் விட்டுவிட்டுச் சாப்பிட்டு, டெஸ்டுக்கு முந்தின வாரம் மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுவோரின் கணக்கும் ரிப்போர்ட்டில் தெரிந்துவிடும்: டி4 சரியாக இருக்கும், டி.எஸ்.எச். உயர்ந்தே நிற்கும். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லாவிட்டால், தேவையில்லாமல் மாத்திரையைக் கூட்டிவிடுவார்.

டெஸ்ட் நாளில் இரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். டி.எஸ்.எச்.சுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; அது ரிப்போர்ட்டையே பொய்யாக்கிவிடும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

இந்த மாத்திரை சாப்பிடும் பெண் கர்ப்பமானால், அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். முதல் பாதியில் சுமார் 4 வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட். ஆரம்ப மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனை நம்பியே இருக்கிறது. மாமியார்மார்கள் இதைக் கவனத்தில் வைக்கவும்.

ரமலானில் எப்போது சாப்பிடுவது என்று கேட்கிறார்கள். சஹருக்கு எழுந்தவுடன் தண்ணீரோடு போட்டு, அரை மணியாவது கழித்துச் சாப்பிடலாம். அது முடியாதவர்கள், இரவு கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் போடலாம். எதுவானாலும் மருத்துவரிடம் கேட்டு, ஒரே நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். டெஸ்டுக்கு இரத்தம் எடுப்பதால் ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபிலும் நோன்பு முறியாது.