தண்ணீரும் கரண்டும் சேரும் வேலை

மழைக்காலம் முடிந்ததும் ரமணாசிரமம் பகுதியில் மாடி கழுவ ஆள் தேடுவார்கள். செங்கம் சாலையை ஒட்டி விருந்தினர் விடுதிகளும் வாடகை வீடுகளும் நிறைய. பாசி பிடித்த தளம், போர்த் தண்ணீரின் உப்புக் கறை ஏறிய வாசல் என்று வேலைக்குக் குறைவில்லை. எலக்ட்ரீஷியன் தொழில் கற்ற நம் மஹல்லாப் பிள்ளைகள், வயரிங் வேலை இல்லாத நாட்களில் இதையும் செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். சொல்லப்போனால், இது அவர்களுக்கே அதிகம் பொருந்தும் வேலை.

தண்ணீரைப் பீய்ச்சும் பிரஷர் வாஷர் 1,800 வாட் என்றால் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டக்கூடாது. எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். நனைந்த தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு எம்.சி.பி. காவல் இல்லை. அது வயர் சூடாகாமல் காப்பதற்கு. ஆம்பியர் கணக்கில் மின்சாரம் மிஞ்சினால்தான் விழும். மனித உயிர் போக அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் கசிவு தெரிந்த கணமே மின்சாரம் நின்றுவிடும். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ஜாயின்ட் போட்ட வயரைத் தண்ணீரில் இழுத்துச் செல்வது கூடவே கூடாது.

சம்ப் கழுவுவது இன்னும் கவனமான வேலை. உள்ளே மோட்டார் இருந்தால் ஸ்விட்சை அணைத்தது போதாது. மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். வீட்டில் யாராவது விவரம் தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிடுவார்கள். நெடுநாள் மூடிக் கிடந்த தொட்டியில் காற்று கெட்டிருக்கும். தனியாக இறங்க வேண்டாம். செப்டிக் டேங்கில் பாதுகாப்புச் சாதனம் இன்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எவ்வளவு கூலி தந்தாலும் மறுத்துவிடுங்கள்.

கறை போக ஆசிட் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. சிமென்ட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. ஆசிட் அந்தக் காரத்தைத் தின்றுவிடும். அதிலுள்ள குளோரைடு கம்பிவரை இறங்கினால் துருப்பிடித்துத் தளம் வெடிக்கும். வாசல் பளிச்சென்று ஆகும், வீடு பலவீனப்படும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். பாசிக்கு முரட்டுப் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். தட்டோடு பதித்த பழைய மாடியில் பிரஷர் நீரைக் கிட்டத்தில் பிடித்தால் இடுக்குப் பூச்சு பெயர்ந்து, அடுத்த மழைக்கு ஒழுகும்.

கான்கிரீட் கழுவ அரசுத் தேர்வு ஏதும் இல்லை, வயரிங்குக்கு உண்டு. 10ஆம் வகுப்பு தேறியவர் ஐ.டி.ஐ.யில் 2 ஆண்டு எலக்ட்ரீஷியன் பிரிவு படிக்கலாம். ஐ.டி.ஐ. போகாமல் கைத்தொழிலாகக் கற்றவர்களுக்கு மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது: 21 வயது நிறைந்து, வயரிங்கில் 5 ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும், வயதுக்கு மேல்வரம்பு இல்லை. நாற்பதைக் கடந்த அண்ணன்மார்களும் எழுதலாம். அனுபவம் நிறைய இருந்தும் சான்று வாங்காமல் காலம் தள்ளுவது நம் பிள்ளைகளிடம் நாம் அதிகம் காணும் குறை. சான்றுகளையும் ஒப்பந்தக்காரர் உரிமத்தையும் தருவது சென்னை கிண்டியிலுள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம்.

இயந்திரத்துக்காக வட்டிக் கடனில் விழ வேண்டாம். முதல் சில மாதம் வாடகைக்கு எடுங்கள். வேலை தொடர்ந்து வருகிறதா என்று பார்த்தபின் வாங்கலாம். வேலை கொடுக்கும் வீட்டார், கூலி பேசும் முன் எங்கள் வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று அவரிடமே கேளுங்கள்.