துபாசி வீடும் ஒரு மாணவியின் கேள்வியும்

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் ஐரோப்பியர் வருகைப் பாடத்தை நடத்தும்போது ஆனந்தரங்கர் ஒரு சிறு பத்தியில் வந்து போய்விடுவார். துபாசி, நாட்குறிப்பு எழுதினார், அவ்வளவுதான். மாணவர்கள் அடிக்கோடிட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். இந்த ஆண்டு பாடத்தை அவருடைய வீட்டிலிருந்து தொடங்கினேன்.

புதுச்சேரியில், பெரிய மார்க்கெட்டின் நெரிசலுக்கு நடுவே, அவர் பெயர் கொண்ட தெருவிலேயே அந்த மாளிகை நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியது. விடுமுறையில் போனபோது எடுத்த படங்களைக் காட்டினேன். கீழ்த்தளத்தில் முற்றமும் மரத்தூண்களும். மாடியில் பிரெஞ்சுப் பாணியில் பருத்த காரைத் தூண்கள். "கீழ நம்மூரு தொட்டிக்கட்டு வீடாட்டம் இருக்குதுங்க மிஸ்" என்றான் ஒருவன். துபாசி என்றால் இரு மொழி தெரிந்தவர் என்பதை அதன்பின் விளக்குவது எளிதாகிவிட்டது.

1761 ஜனவரியில் ஆனந்தரங்கர் இறந்தார். சில நாட்களிலேயே புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. கோட்டையையும் நகரின் பெரும்பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். தப்பி நிற்கும் சிலவற்றுள் இந்த வீடும் ஒன்று. 2014 நவம்பர் மழையில் புதுச்சேரியின் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி சரிந்து விழுந்ததையும் சொன்னேன். அதே வடிவில் திரும்பக் கட்டினார்கள். ஆனாலும் அது புதுக் கட்டடம்தானே!

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து அந்தக் கேள்வி வந்தது. "பெரிய மனுசங்க வீட்டத்தான் பாதுகாப்பாங்களாங்க மிஸ்? எங்க வீட்ட இடிச்சப்ப ஒரு போட்டோகூட யாரும் எடுக்கலீங்க." உக்கடத்தில் சாலைப் பணிக்காக வீட்டைக் காலி செய்த குடும்பம் அவளுடையது. இப்போது தினமும் இரண்டு பேருந்து மாறி வருகிறாள். எனக்குப் பதில் வரவில்லை. நல்லவேளையாக மணி அடித்தது.

அடுத்த வகுப்பில் நாட்குறிப்புக்குத் திரும்பினோம். 1736இல் தொடங்கி, கப்பல் வந்தது, சரக்கு விலை, ஊர் வம்பு என்று எல்லாவற்றையும் எழுதியவர் அவர். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிபட்டதையும் எழுதி வைத்தார். அந்த நாட்களில் நடந்தது இன்று நமக்கு விரிவாகத் தெரிவது அதனால்தான். நீங்களும் ஒரு வீட்டைப் பற்றி எழுதுங்கள் என்றேன். வாசல் எந்தத் திசை, தண்ணீர் எங்கே பிடித்தீர்கள், யார் எங்கே படுத்தீர்கள் என்று கேள்விகள் கொடுத்தேன்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: இப்போது குடியிருக்கும் வீட்டைத்தான் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். சில பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். பாட்டி வீடாக இருக்கலாம், இல்லாமல் போன வீடாகவும் இருக்கலாம். ஒரு பாடவேளை போதாது. எனக்கு மூன்று ஆயிற்று. வளரறி மதிப்பீட்டில் செயல்பாடாகச் சேர்த்துக்கொண்டேன்.

அந்த மாணவி ஒற்றை அறையின் வரைபடத்தைக் கொண்டுவந்தாள். பொங்கலுக்குப் பொங்கல் தம்பியின் உயரத்தைக் கோடு போட்டு வைத்த சுவரை மட்டும் சிவப்பு மையில் வரைந்திருந்தாள். கோடுகள் நான்கா ஐந்தா என்று அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் இன்னும் சண்டையாம்.