செங்கோட்டையில் ஒரு சீருடை

வெண்சட்டையும் நீலக் காற்சட்டையும் அணிந்து வீதியில் செல்லும் சிறுவனைக் கண்டதும், அவன் பள்ளி மாணவன் என்று அறிந்துகொள்கிறோம். படைவீரனின் சீருடையோ, அவன் எந்த அரசின் வீரன் என்பதையே உலகுக்கு அறிவிப்பது. அத்தகைய சீருடை ஒன்றைப் பற்றி இங்குக் காண்போம்.

டில்லிச் செங்கோட்டை வளாகத்து அருங்காட்சியகத்தில் கர்னல் பிரேம்குமார் சேகல் அணிந்த இராணுவச் சீருடை பாதுகாக்கப்பட்டுள்ளது. கர்னல் தில்லானின் குதிரைச் சவாரிக் காலணிகளும் சட்டைப் பொத்தான்களும் அங்குச் சேர்க்கப்பட்டவையே. சேகல் முதலில் ஆங்கிலேயரின் இந்தியப் படையில் கேப்டனாக இருந்தவர். நம் மலாயாவில் போரிட்டு, 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் கைதியானார். பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்.

1943 ஜூலை 5ஆம் நாள் சிங்கப்பூர்த் திடலில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அப்படையைப் பார்வையிட்டார். "டில்லி செல்வோம்" என்பதே முழக்கம். செங்கோட்டையில் வெற்றி அணிவகுப்பு நடத்துவதே குறிக்கோள். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர் ஆயிரக்கணக்கில் படையில் சேர்ந்தனர். இந்திய சுதந்திரச் சங்கத்தின் கிளை நம் மலாக்காவிலும் இயங்கிற்று. துணிப் பஞ்சத்தால் மக்கள் கோணிச் சாக்கையும் உடுத்திய காலம் அது! சென்னையிற் பிறந்த டாக்டர் லட்சுமி தலைமை தாங்கிய ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் சேலையைக் களைந்து காக்கி உடையும் தொப்பியும் அணிந்தனர். இந்த லட்சுமியையே 1947இல் சேகல் மணந்தார்.

பர்மாவில் போப்பா மலைப் பகுதியில் போரிட்ட சேகல், 1945 ஏப்ரலில் சரணடைந்தார். செங்கோட்டைக்குச் சென்றார், ஆனால் கைதியாகவே சென்றார்! 1945 நவம்பர் 5ஆம் நாள் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவர்மீதும் அங்கே இராணுவ நீதிமன்ற விசாரணை தொடங்கிற்று. மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தனர் என்பது குற்றச்சாட்டு. அவர்களுக்காக வழக்காடிய புலாபாய் தேசாயோ, இவர்கள் தனி அரசும் தனிச் சட்டமும் கொண்ட ஒழுங்கான படையினர். ஆதலின் கலகக்காரரைப் போல் தண்டித்தல் முறையன்று என்றார். இவர்கள் எந்த அரசின் வீரர் என்பதே, அதாவது சீருடை எழுப்பும் அதே வினாவே, வழக்கின் உயிர்நாடியாயிற்று.

மூவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று; ஆயுட்கால நாடு கடத்தல் விதிக்கப்பட்டது. ஆயினும் நாடெங்கும் மக்கள் கொந்தளித்தமையால், 1946 ஜனவரி 3ஆம் நாள் தளபதி ஆக்கின்லெக் அத்தண்டனையை நீக்கி அவர்களை விடுவித்தார்.

அதிகாரியின் உடை கண்ணாடிப் பேழையை அடைந்தது. தோட்டத்துப் படைவீரர் பலரின் காக்கிச் சட்டைகளோ, போர் முடிந்தபின் வேலைக்கு உடுத்திக் கிழிந்து போயிருக்கும். இதனை எண்ணும்போது நம் மனம் சற்றே வருந்துகிறது.

துணிக்கு வெயிலும் ஈரமும் பூச்சியும் பகை. ஆகவே அருங்காட்சியகங்களில் மங்கிய ஒளியில், ஈரம் அண்டாது வைப்பர். மடிப்பு விழுந்த இடத்தில் நூல் அறுமாதலால் இறுக மடிப்பதில்லை. உங்கள் பாட்டனார், பாட்டியாரின் தகரப் பெட்டியில் பழைய காக்கிச் சட்டையோ, தொப்பியோ, ஒரு பொத்தானோ இருப்பின், அதனைத் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். யாருடையது, எந்தத் தோட்டத்தவர் என்று பெரியோரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி, அதனுடன் வைத்துவிட்டு எங்களிடம் வந்து கூறுங்கள்.