முருங்கைப் பூ மிதந்த சாக்கடை

தம்பி,

சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பேட்டைகளில் பாதாள சாக்கடையை விஸ்தரிப்பது பற்றி நீ எழுதியனுப்பிய திட்ட அறிக்கையை இரண்டு நாளில் படித்து முடித்தேன். ஜனத்தொகைக் கணிப்பு, குழாயின் சரிவு, முப்பதாண்டுத் திட்டக்காலம் ஆகியவற்றில் நான் உனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாலாம் அத்தியாயத்தைப் படிக்கப் படிக்க மனம் பொறுக்கவில்லை, எழுதினால்தான் ஆறும்.

குழாயில் ஓடும் நீரை நீ மே மாதத்தில் அளந்திருக்கிறாய். கத்திரி வெயிலில் எடுத்த அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் தெருவில் சாக்கடை பொங்குவதற்குக் குழாயின் அகலம் போதாமையே காரணமென்று தீர்மானித்து, பிரதான குழாய் முழுவதையும் பெரிதாக்கச் சிபாரிசு செய்துவிட்டாய். மழைநீருக்கு வேறு வடிகால், வீட்டுக் கழிவுநீருக்கு வேறு குழாய் என்பது நம் ஊர் ஏற்பாடாகையால் மழை சாக்கடைக்குள் வராதென்பது உன் நம்பிக்கை. வரைபடத்தில் வராதுதான், தெருவில் வந்துகொண்டிருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார். நூறு வீடுள்ள தெருவில் நானூறு பேர் இருக்கிறார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர், அதில் நூற்றுக்கு எண்பது பங்கு சாக்கடைக்குத் திரும்புகிறது. சராசரியில் மணிக்கு 1,800 லிட்டர்; காலைக் குளியல் வேளையின் உச்சத்துக்காக அதை மும்மடங்காக்கினாலும் 5,400 லிட்டர்தான். நூறு சதுர மீட்டர் மொட்டைமாடி ஒன்றின் மீது ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் மழை பெய்தால் இறங்கும் நீரோ 6,000 லிட்டர். அந்த ஒரே மாடியின் குழாயைச் சாக்கடையில் செருகிவிட்டால், நானூறு பேரின் உச்சவேளைக் கழிவைவிட அந்த ஒரு வீட்டின் மழைநீரே மிஞ்சிவிடும். பத்து வீட்டுக்காரர்கள் அப்படிச் செய்துவிட்டால் எவ்வளவு பெரிய குழாயைப் புதைத்து நீ ஈடுகொடுப்பாய்?

நான் உத்தியோகத்திலிருந்த காலத்தில், தென்புறநகர்ப் பேட்டை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஐப்பசி அடைமழையில், விடியற்காலை மூன்று மணிக்கு, வயதான தொழிலாளி ஒருவர் கடப்பாரையால் மேன்ஹோல் மூடியை நெம்பித் தள்ள, நான் டார்ச் விளக்கை உள்ளே பிடித்தேன். ஊர் உறங்கும் அந்த வேளையில் குழாயில் இரண்டு விரற்கடை நீர்தான் ஓட வேண்டும். ஓடியதோ முக்கால் குழாய், அதுவும் நாற்றமே இல்லாமல், கிணற்று நீரைப்போலத் தெளிந்து. பெரியவர் குனிந்து பார்த்து, "ஐயா, முருங்கைப் பூ வருது" என்றார். வெள்ளை வெள்ளையாகப் பூக்கள் மிதந்து வந்துகொண்டிருந்தன. மூடி மூடியாகத் திறந்துகொண்டே மேல்தெருவுக்கு ஏறிப் போனோம். முருங்கை மரம் நின்ற வீட்டின் கொல்லையில், சாக்கடைச் சேம்பரின் மூடி அகற்றப்பட்டு, முற்றத்து வெள்ளமெல்லாம் அதற்குள் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டம்மாளைக் கேட்டதற்கு, "முழங்கால் தண்ணி நின்னா பிள்ளைகளை வச்சுக்கிட்டு நான் எங்கே போவேன்?" என்றார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. ரோட்டை வருஷா வருஷம் சுரண்டாமலே மேலே மேலே போட்டு, வாசற்படியைப் பள்ளமாக்கி, அந்தத் தெருவுக்கு மழைநீர் வடிகாலும் கட்டிக்கொடுக்காதவர்கள் நாங்கள்தாமே! அவர் முற்றத்தில் வடிந்த அதே நீர், கீழ்த்தெருவில் வேறொரு குடும்பத்தின் குளியலறையில் மலத்தோடு பொங்கிக்கொண்டிருந்தது.

ஆகையால் இப்படிச் சாக்கடை பொங்குவதற்கு உன் அறிக்கையில் "உபரி வெளியேற்றம்" என்ற பிரயோகத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. எந்தத் தெருவில், எந்த வீட்டில், எத்தனை அங்குலம் என்று எழுது. அப்படி எழுதத் தொடங்கினால்தான் எங்கே தேட வேண்டுமென்பது உனக்கே புலப்படும்.

பெரிய குழாய் வேண்டாமென்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ள விநாடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டுமென்பதை நீ அறிவாய். மழைக்கென்று அகலமாக்கிய குழாயில் ஆண்டின் ஒன்பது மாதமும் நீர் மெலிந்து தயங்கி ஓடும், வண்டல் படியும், ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பிக் காங்கிரீட்டின் மேல்வளைவை அரிக்கும், கடைசியில் அடைப்பெடுக்க ஒரு மனிதரை இறக்கும் நிலை வரும். அப்படிப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஆனாலும் உயிர்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. நீ காகிதத்தில் தாராளமாக இழுக்கும் கோடு யாருடைய மூச்சில் போய் முடியுமென்பதை மறவாதே.

2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தபோது, செப்டிக் டேங்கும் லாரியுமாகக் காலந்தள்ளிய பேட்டைகள் ஏராளமாக உள்ளே வந்தன. அவற்றுக்குச் சாக்கடை அவசியம். அடுக்குமாடிகள் எழ எழ, குடித்தனங்களின் தேவைக்கேற்பக் குழாயும் வளரத்தான் வேண்டும். ஆயினும் முதற்காரியம் மழையைச் சாக்கடைக்கு வெளியே நிறுத்துவது: மாடிக் குழாய்களைப் பிரித்தெடு, விரிசல் விட்ட மூட்டுக்களை அடை, மழைநீர் வடிகாலை ஒக்கியம் மடுவு வரை தடையின்றி ஓடச் செய். அதன்பின் மிஞ்சுவதற்கு மட்டும் குழாயை அகலமாக்கு.

இவ்வளவு கடிந்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். கழிவுநீரேற்று நிலையத்தின் மின்பலகையை 2015 டிசம்பர் வெள்ளக்குறிக்கும் மேலே உயர்த்தி, அங்கே ஆள் போய்வர மேடைப்பாதையும் போட்டிருக்கிறாயே, அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். வெள்ளத்தில் மின்சாரம் நின்று பம்பு ஓயும் அந்த இரவுதான் ஊர் முழுதும் நாறும் என்பதை என் தலைமுறைக்குப் பட்டுத்தான் தெரிந்தது. நீ யோசித்தே கண்டுகொண்டாய். நாற்பது வருஷ சர்வீஸில் நான் எழுதிய எந்த அறிக்கையிலும் அவ்வளவு நல்ல பக்கம் இல்லை.

ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. முதல் அடைமழை இரவில், மூன்று மணிக்கு, இரண்டு ஆட்களுடன் போய் மூடியைத் திறந்து, நீரின் உயரத்தை அளந்து, என்ன மிதந்து வருகிறதென்பதையும் குறித்துக்கொள். பிறகு நாலாம் அத்தியாயத்தை மறுபடி எழுதி அனுப்பு, படிக்கக் காத்திருக்கிறேன்.