மோட்டார் ஓடுது, தண்ணி வரலை!

மழைநீர் சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார், தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் இழுக்கிறது. புது மோட்டார் வாங்கணுமா?
– வாசகி, தாம்பரம்

மோட்டார் மேல் பழி போடாதீங்க அம்மா! குற்றவாளி சம்ப்புக்குள்ளே இருக்கு: குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வு. மொட்டைமாடியிலிருந்து வந்த வேப்பிலைக் காம்போ மணலோ அதன் மூடியில் சிக்கினால், மோட்டாரை நிறுத்தியதும் குழாய்த் தண்ணீர் சம்ப்புக்கே இறங்கிவிடும். பிளம்பரை விட்டு வால்வைக் கழுவுங்க. வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றுங்க. திரும்ப இறக்கும்போது தரையிலிருந்து ஓர் அடி மேலே நிற்கட்டும், இல்லையென்றால் சேற்றை உறிஞ்சும். அப்புறமும் இழுக்கலையா? உறிஞ்சும் குழாய் இணைப்பில் காற்று புகுது. டேப் சுற்றி இறுக்கணும். அதுவரை தண்ணீரில்லாமல் ஓடவிடாதீங்க. சீல் கருகினால் நிஜமாகவே மோட்டார் செலவு வந்துவிடும்.